நான் அழித்த ஒரு வரி

இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, என்ன மாத்திரை போட்டேன், எந்தப் பிழையைச் சரிசெய்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் தெரிந்தே எழுதிய பொய் அதில் ஒன்றுதான்: ‘இன்று என் திருத்தம் ஏற்கப்பட்டது.’

தருமபுரியில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பெங்களூர் நிறுவனம் ஒன்றின் சிறிய கிளை, பதினொரு பேர். மலைக்கிராமங்களில் செவிலியர்கள் எடுக்கும் படங்களைப் போனிலிருந்து அனுப்பும் மென்பொருளைச் செய்கிறோம். அதற்குள் ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். நடத்துகிறவர்கள் ஏற்றுக்கொண்டால் அனுப்பியவர் பெயர் அதன் பதிவில் அப்படியே நின்றுவிடும். வெள்ளிக்கிழமை பிற்பகலை அந்த வேலைக்கென்று நிறுவனம் ஒதுக்கியிருந்தது. பதவி உயர்வுக்கும் அதைப் பார்ப்பார்கள்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போய்விட்டிருந்தார்கள். இரண்டு வருடம் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் திருத்தம் அனுப்பினேன். எல்லாம் விளக்கக் குறிப்புகளில் எழுத்துப்பிழை, விடுபட்ட புள்ளி. “உருப்படியா புரோகிராம் கோடுல ஒண்ணு பண்ணுங்க, அப்புறம் உங்க பேரை மேல சொல்றேன்” என்றார் மேலாளர்.

அந்த உருப்படியான ஒன்றைக் கண்டுபிடித்தது எங்கள் சோதனைப் பிரிவில் இருந்த பெண். அரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவர் அங்கே செருப்புக்கடை வைத்திருக்கிறார். குழந்தைகளுக்காகப் பத்து வருடம் வேலையை விட்டிருந்து, மறுபடி சேர்ந்தவர். வழியில் சிக்னல் போகும் இடங்கள் அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் காலை பையைக்கூட இறக்காமல் வந்து நின்றார். “அண்ணா, பாதி போட்டோ போனப்புறம் சிக்னல் கட்டானா மறுபடி மொதல்லருந்து அனுப்புதுங்க. எங்க மாமியார் கதை சொல்ற மாதிரி. நடுவுல யாராச்சும் பேசுனா, மறுபடியும் கல்யாணத்துல இருந்து ஆரம்பிப்பாங்க.”

பிழை எங்கள் பக்கம் இல்லை, அந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குள் இருக்கிறது என்பதையும் அவரே கண்டுபிடித்திருந்தார். பன்னிரண்டு வரியில் திருத்தமும் எழுதியிருந்தார். “எனக்கு அங்க அக்கவுண்ட்கூட இல்லீங்கண்ணா. நீங்களே அனுப்பிடுங்க. கீழ பேரு போடுவாங்களாமே, அதுல மட்டும் என்னையும் போட்டுடுங்க.”

இருவர் சேர்ந்து செய்த வேலை என்றால், திருத்தத்தோடு போகும் குறிப்பின் அடியில் மற்றவர் பெயரையும் மின்னஞ்சலையும் ஒரு வரியாக எழுதுவது வழக்கம். எழுதினேன். கோடுக்குள் அவர் வைத்திருந்த வேரியபிள் பெயர்களைத் திருத்தியிருந்தேன். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் நான்கும் நான் எழுதியவை. இப்போது இது என்னுடையதுதானே என்று தோன்றியது. அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

பதினாறாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம், மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களைப் பார்வையிடும் பொறுப்பையும் எனக்குக் கொடுத்தார்கள். அதைக் காட்டி மேலாளர் எனக்குப் பதவி உயர்வு வாங்கித்தந்தார். “இனிமே நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவோமாங்க?” என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் திருத்தத்தை எழுதிய அந்தப் பெண்தான்.

“எம் பேரு எங்கீங்கண்ணா? வூட்ல காட்டணும்.”

“அது வெளிய தெரியாதுங்க, உள்ள இருக்கும்” என்றேன்.

நம்பினார். அந்த நம்பிக்கையில்தான், வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது அந்தத் திருத்தத்தைத் தன் வேலை என்று எழுதியிருக்கிறார். அது கிடைத்தால் தினமும் நான்கு மணி நேரப் பஸ் பயணம் இல்லை. நேர்காணலில் அவர்கள் அந்தத் திருத்தத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் என்னிடம் வந்தார். கோபம் இல்லை. “உங்க பேரு அதுல இல்லையேன்னாங்க. நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சுங்கண்ணா. அனுப்பறப்ப ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதையும் நம்பியிருப்பார். “விட்டுப்போகலீங்க. நான்தான் அழிச்சேன்” என்றேன்.

“எதுக்குங்கண்ணா?”

கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அன்று பிற்பகலே அந்த மென்பொருளின் பொதுப் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். ஏற்றுக்கொண்ட பதிவை மாற்ற முடியாது, அதன் நகல் பலரிடம் போய்விட்டது என்று பதில் வந்தது. பங்களித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அவரை நேர்காணல் செய்த நிறுவனத்துக்கும் எழுதினேன், பதில் இல்லை. மேலாளரிடம் சொன்னபோது, “டெஸ்ட்டெல்லாம் நீங்கதானே எழுதுனீங்க, பெருசா எடுத்துக்காதீங்க” என்றார். பதவி என்னிடமே இருக்கிறது.

அவர் இப்போதும் அரூரிலிருந்து பஸ்ஸில்தான் வருகிறார். என்னை சார் என்கிறார்.

போன வாரம் அவர் பெயரில் ஒரு திருத்தம் வந்தது. சொந்த அக்கவுண்ட். பார்வையிடும் முறை என்னுடையது. ஏழு வரி, சுத்தமான வேலை. குறிப்பின் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் சரியில்லை. கை பரபரத்தது. தொடாமல் ஏற்றுக்கொண்டேன்.

“பாத்துட்டீங்களா சார்?” என்று அவர் இடத்திலிருந்தே கேட்டார்.

“பாத்துட்டேங்க” என்றேன். அன்றைய நாட்குறிப்பில் அது யாருடைய திருத்தம் என்று அவர் பெயரை முழுதாக எழுதினேன்.