ட்ரெபிள் வேலுத்தாய் கையில்

விருதுநகர் பக்கம் கல்யாணமோ கோயில் கொடையோ, அந்த நாளில் சங்கிலிமுத்துவின் மைக் செட்தான். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் இரண்டு திருகு. கனத்த சத்தத்துக்கு பாஸ், கூரிய சத்தத்துக்கு ட்ரெபிள். எல்லாப் பாட்டையும் ஒரே திருப்பில் ஓட்டுகிற ஆள் இல்லை அவர். நாகசுரம் என்றால் ட்ரெபிளை இறக்கி, மைக்கை எட்ட வைப்பார்; இல்லாவிட்டால் அது தவிலை விழுங்கிவிடும். வில்லுப்பாட்டுக்குக் குடத்தருகே தனி மைக் போட்டு பாஸை ஏற்றுவார். சினிமா ரிக்கார்டுக்கு இரண்டும் நடுவில் நிற்கும்.

அறுபத்தொன்றில், ஆயுத பூஜை அன்று, நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலைக்குப் பாட்டுப் போடப் போனார். அவர் தம்பி சுடலை அங்கேதான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான்.

"குழாயக் கட்டுங்கண்ணே, மருந்து ரூமைப் பூட்டிட்டு வந்துர்றேன்" என்று உள்ளே போனான்.

அந்த அறை வெடித்தது. குழாய் ஒலிபெருக்கியைக் கட்ட ஏறியிருந்த வேப்பமரத்திலிருந்து சங்கிலிமுத்து கீழே விழுந்தார். காதில் ரத்தம். எழுந்து பார்த்தபோது எல்லோரும் வாயைத் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை.

சில வாரத்தில் பேச்சு கேட்க ஆரம்பித்தது. தம்பிக்குக் காரியம் செய்தார். அழுகை வரும் என்று இருந்தார். வரவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், மறுபடி செட்டைத் தூக்கினார்.

அடுத்த பங்குனியில் காரியாபட்டிப் பக்கம் ஒரு கொடை. சாயங்காலம் வில்லுப்பாட்டு. குடம் கேட்டது. ஜால்ராக்காரரின் கை மட்டும் ஆடியது. சங்கிலிமுத்து ட்ரெபிளை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். முன்னால் இருந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். பாடிய செல்லச்சாமி வில்லை நிறுத்திவிட்டார்.

"ஏலே சங்கிலி, காதக் கிழிக்குதுலே! கூட்டத்த விரட்டவா வந்தே?"

சங்கிலிமுத்து திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. கூட வந்திருந்த மனைவி வேலுத்தாய் எழுந்து வந்து, அவர் கையை விலக்கித் திருகைப் பின்னால் திருப்பினாள்.

"ஜால்ரா கேக்கலையா உங்களுக்கு?"

"இல்ல."

"எப்பருந்து?"

"அன்னையிலருந்து."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "பாடுங்கண்ணே" என்றாள் செல்லச்சாமியிடம்.

அதோடு தீப்பெட்டி ஒட்டுகிற வேலையை விட்டுவிட்டுச் செட்டோடு மாட்டுவண்டி ஏறினாள். பொம்பளை திருகு பிடிக்கிறாளே என்று சில ஊரில் சிரித்தார்கள். மைக்கை எங்கே வைப்பது என்று அவர் சொல்வார். ட்ரெபிளை அவள் பார்த்துக்கொண்டாள். நாகசுரத்துக்கு அவள் வைப்பது அவர் வைத்ததைவிடக் கொஞ்சம் கூர்மை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு அது தெரிய வழியில்லை.

அறுபத்தாறில் விருதுநகரில் ஒரு கல்யாணம். நாகசுரக்காரர் உச்சத்துக்குப் போக, பந்தலெங்கும் தலைகள் ஆடின. சங்கிலிமுத்துவுக்கு அது சுவருக்கு அந்தப் பக்கம் வாசிப்பது போல் இருந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் வேலுத்தாய்.

"தவில் சரியா இருக்கு."

"நாகசுரம்?"

"நீதான் சொல்லணும்."

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். "அம்புட்டு நல்லா இருக்கு. கொழுந்தன் இருந்தா எந்திரிச்சு ஆடியிருக்கும்."

"ஆமா" என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர் ஒயரை மிதிக்காமல் ஒதுங்கி எழுந்து போனார்.