அண்ணன் போடாத கடிதாசி

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செட்டு செய்கிற பொங்கியண்ணனின் கம்பெனியில் அங்கப்பனுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சம்பள ரிஜிஸ்டரில் கிளார்க் என்று போட்டிருக்கும். டைப் அடிப்பார், தபால் பிரிப்பார், போன் எடுப்பார். ஆனால் முப்பது வருசமாக அவர் மெய்யாகச் செய்துவந்த வேலை ஒறம்பரைக்குச் சேதி சொல்வதுதான். கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, அந்தக் குடும்பத்துச் சொந்தபந்தம் அத்தனைக்கும் அவர் வாயிலிருந்துதான் போகும்.

அவரும் வேற்றாள் இல்லை. அவருடைய அப்பாவும் பொங்கியண்ணனுடைய அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். அங்கப்பனின் அப்பா கிணறு மேல் கிணறாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பாறையைப் பார்த்து, இருந்த பூமியைத் தொலைத்தார். பெரியப்பா மகன் பொங்கியண்ணன் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அதை அங்கப்பனும் மறக்கவில்லை, பொங்கியண்ணன் மறக்க விடவும் இல்லை.

சேதி சொல்வதற்கு ஒரு மொறை இருக்கிறது. யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து, எந்த வீட்டில் உட்கார்ந்து சொல்வது, எந்த வீட்டில் நின்றபடி சொல்வது, எல்லாம் அங்கப்பனுக்கு மனப்பாடம். அவர் தவறியது ஒரே ஒரு தடவை. அதுவும் அவர் தவறு இல்லை.

தொண்ணூற்றொன்றில் பொங்கியண்ணன் மகள் நந்திதாவுக்குக் கல்யாணம். பொங்கியண்ணனுக்குக் கூடப் பிறந்த தம்பி சென்னியப்பன் கிணத்துக்கடவில் தேங்காய் நார் மில் வைத்திருந்தார். தம்பிக்குப் பத்திரிக்கை அடிக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கூட நின்று ஊரை அழைக்க வேண்டியவரே அவர்தானே. ஆனால் ஒரு வாய்க்கால் தகராறில் அண்ணனுக்கு மனசு கசந்திருந்தது. "அவனுக்குக் கடைசியா வெய்யி அங்கப்பா" என்றார். அங்கப்பன் கடைசியாக வைத்தார். சென்னியப்பன் பத்திரிக்கை வைத்து நீட்டிய தட்டத்தைத் தொடவே இல்லை. சபையில் பெரியவர்கள் கேட்டபோது, "அங்கப்பனுக்கு மொறை தெரியாமப் போச்சுங்க" என்று பொங்கியண்ணன் சொல்லிவிட்டார். அங்கப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு அறுந்தது. அந்தச் சொல் மட்டும் எட்டு வருசமாக அங்கப்பன் மேலேயே ஒட்டிக்கிடந்தது.

பிறகு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது, இன்டர்நெட்டு வந்தது. மெயில் அனுப்ப வேண்டியவர்களின் விலாசத்தையெல்லாம் ஏற்றியது அங்கப்பன்தான். வியாபாரத்தார் முப்பது பேர். கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒறம்பரை பதினோரு வீடு. பதினோராவதாகச் சென்னியப்பன் வீட்டையும் சேர்த்தார். ஒருத்தரை விட்டுவிட்டார் என்று இன்னொரு தடவை பேச்சு வரக்கூடாது. சென்னியப்பன் மகள் வர்ஷினிதான் அந்த விலாசத்தைக் கொடுத்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல், "அங்கப்பன் பெரியப்பாவுக்கு" என்று தலைப்புப் போட்டு எப்போதாவது கம்பெனி மெயிலுக்கு நாலு வரி எழுதுவாள். அவள் விவசாயக் காலேஜில் நார்க்கழிவை உரமாக்குவது பற்றி மூன்று வருசமாக ஆராய்ச்சி செய்து, இருநூறு பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன் ஒரு திங்கட்கிழமை ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் பட்டம். கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு மேல் படிக்க விடுகிறவர்கள் இல்லை. இதெல்லாம் அவள் எழுதித்தான் அங்கப்பனுக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்பது ஆனி மாதம், அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பொங்கியண்ணன் மகன் மனோஜ்குமார் ஒரு மெயிலைத் திறந்தான். பம்பு வாங்குகிற ஒருவர் பேரில் வந்தது. கூட ஒட்டியிருந்ததை அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. அரை மணி கழித்துப் பழைய கொட்டேசனைத் தேடினால் பேர் இருக்கிறது, உள்ளே வெள்ளைத் தாள். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற சிக்கந்தருக்குப் போன் போட்டார்கள்.

"மொதல்ல ஒயரைப் புடுங்குங்க!" என்று கத்தினான் சிக்கந்தர். "வைரஸுங்க அது. காலையிலிருந்து இது ஒன்பதாவது ஆபீசு. உங்க லிஸ்ட்ல இருக்கற அத்தன பேருக்கும் உங்க பேர்லயே இந்நேரம் போயிருக்கும். தொறந்தாங்கன்னா டைப் அடிச்சு வெச்சதெல்லாம் அழிஞ்சுரும். தொறக்காதீங்கன்னு எல்லாருக்கும் உடனே சொல்லிப்போடுங்க."

இரண்டு போன் இருந்தது. ஒன்றில் மனோஜ்குமார் வியாபாரத்தாரைக் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டே போனான். இன்னொன்றை அங்கப்பன் எடுத்தார். பொங்கியண்ணன் தடுத்தார்.

"ஒறம்பரைக்கு நானே சொல்றேன். நம்ம பேர்ல சீக்கு போயிருக்குதுன்னு கிளார்க்கு உட்டுச் சொன்னா நல்லாவா இருக்கும்? வரிசையாப் போட்டுக் குடு. மொதல்ல ராசாத்தா."

ராசாத்தாள் அவர் தங்கை. தொண்டாமுத்தூரில் கட்டிக்கொடுத்தது. மகன் மதன்குமார் வெங்காயம் ஏற்றுமதி செய்கிறான்.

"ராசாத்தா, நல்லாருக்கியா கண்ணு? மழை கிழை உண்டா?"

"எங்கீங்ணா மழை. நேத்து ஆனை எறங்கி நாலு தென்னம்புள்ளயப் புடுங்கிப்போட்டுப் போயிருச்சு."

"அட சாமி. மாப்ளைக்கு முட்டி வலி எப்படி இருக்குது?"

அங்கப்பன் சன்னமாக, "அண்ணா, விசயத்தச் சொல்லுங்க" என்றார்.

பொங்கியண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "எடுத்த எடுப்புல கெட்ட சேதி சொல்றதுக்கு நானென்ன போலீஸ்காரனா? சித்தே சும்மா இரு."

முட்டி வலிக்கு எண்ணெய் சொல்லி முடித்த பிறகுதான் விசயம் வந்தது. அப்போது மணி பதினொன்று. இப்படியே ஒவ்வொரு வீடும். மாடு, மழை, சர்க்கரை வியாதி, பேரப்பிள்ளை மார்க்கு. பத்து வீடு முடிய மணி ஒன்று. அதற்குள் இரண்டு வீட்டில் திறந்துவிட்டிருந்தார்கள். முன்கூட்டிச் சொன்னதற்கு அவர்களும் மரியாதையாக நன்றி சொன்னார்கள்.

"பதினொண்ணாவது ஒண்ணு இருக்குதுங்கண்ணா" என்றார் அங்கப்பன். "கிணத்துக்கடவு."

பொங்கியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "அவனெப்படி இதுக்குள்ள வந்தான்?"

"நாந்தானுங்க ஏத்துனேன்."

"நான் போன் போட்டா, அண்ணன்தான் மொதல்ல எறங்கி வந்தான்னு ஊரெல்லாம் சொல்லுவான். வேண்டாம்."

"புள்ளையோட படிப்புங்கண்ணா. திங்கக்கிழமை குடுக்கோணும்."

"வேண்டாம்னா வேண்டாம்."

அங்கப்பன் பதினோரு மணிக்கே எழுந்து போயிருக்கலாம். வரிசை முடியட்டும், அண்ணனே சொல்வார் என்று உட்கார்ந்திருந்தார். முப்பது வருசப் பழக்கம் அவரை அந்த நாற்காலியிலேயே வைத்திருந்தது. இப்போது டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, சாயிரா பானுவின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கிணத்துக்கடவு நம்பரைப் போட்டார். மணி ஒன்று இருபது. எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ். அரை மணி நேரம் போட்டுக்கொண்டே இருந்தார்.

"இத்தன நேரம் பேசறாங்கன்னா கல்யாண ஊடா இருக்கும்ணா" என்றாள் சாயிரா பானு.

"கல்யாண ஊடுதான்" என்றார்.

பஸ் ஏறினார். காந்திபுரத்தில் ஒன்று மாறி, உக்கடத்தில் ஒன்று மாறி, கிணத்துக்கடவில் இறங்கும்போது மணி நாலேகால். நார் மில்லை ஒட்டித்தான் வீடு. எட்டு வருசத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறார். உள்ளே விடுவார்களோ என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

சென்னியப்பன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கண்ணா, வாங்க! எனக்குத் தெரியும் ஆள் வரும்னு. இந்தா, கேசரி போடு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணன் கடிதாசி போட்டிருக்குதுங்க!"

அங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மத்தியானம் சோறு உண்டுபோட்டு ஒரு மணிக்கு நெட்டுப் போட்டனுங்களா, அண்ணன் பேரு. 'உன் கடிதம் கிடைத்தது, சீக்கிரம் பதில் போடுகிறேன், அது வரைக்கும் இதைப் பார்'னு இங்கிலீசுல இருக்குது. நான் கடிதமே போடலீங்கண்ணா. மனசுல போட்டதுதான் அவருக்குக் கெடச்சிருச்சாட்ட இருக்குது. அதுல ஒட்டியிருந்ததைத் தொறந்தேன், ஒண்ணும் வரலை. இன்னொண்ணு போடுவாருன்னு கட் பண்ணாம அப்படியே வெச்சிருக்கறனுங்க."

நெட்டும் போன் ஒயரில்தான் வரும். போன் எங்கேஜாக இருந்தது அதனால்தான்.

"வர்ஷினி எங்கீங்க தம்பி?"

"காலேஜுக்குப் போயிருக்குது. இப்ப வந்துரும்."

அங்கப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வர்ஷினியின் பேர் போட்ட பைல் எட்டு இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார். காலையில் பார்த்த அதே வெள்ளைத் தாள். ஒயரைப் பிடுங்கிவிட்டு, நின்றபடியே சொன்னார். சாவுச் சேதியை நின்றபடிதான் சொல்ல வேண்டும்.

சென்னியப்பன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். மகள் படிப்பைப் பற்றி அவர் முதலில் கேட்கவில்லை. "அப்ப அண்ணன் எழுதலையா?" என்றார்.

"இல்லீங்க தம்பி."

"அப்பறம் நீங்க எப்படி வந்தீங்க? அண்ணன் அனுப்புச்சாரா?"

முப்பது வருசத்தில் சொல்லிவிட்ட சேதியில் ஒரு சொல்லைக் கூட்டினவரில்லை, குறைத்தவரில்லை அங்கப்பன். அந்த முகத்தைப் பார்த்து அன்றைக்குக் கூட்டினார். "ஆமாங்க தம்பி. ஓடிப்போய்ச் சொல்லிட்டு வாடான்னு அண்ணன்தான் அனுப்புச்சாரு."

சென்னியப்பன் முகம் கொஞ்சம் இளகியது. எழுந்து போய்ப் போனை எடுத்துத் தொண்டாமுத்தூருக்குப் போட்டார். "அக்கா, அண்ணன் ஆள் உட்டிருக்காரு. இந்தக் கம்ப்யூட்டர் சீக்கு விசயம் உனக்கு எப்பத் தெரியும்?... அண்ணனே கூப்பிட்டுச் சொன்னாரா?... எத்தன மணிக்கு?"

போனை வைத்தார்.

"அக்காளுக்குப் பதினோரு மணிக்கு, போன்ல, முட்டி வலியெல்லாம் விசாரிச்சு. எனக்கு நாலேகாலுக்கு, பஸ்ஸுல, ஆளு உட்டு. அன்னைக்கும் நான்தான் கடைசி, இன்னைக்கும் நான்தான் கடைசி. எழுதாமயே இருந்திருக்கலாம்ணா அவரு. சொல்லாமயும் இருந்திருக்கலாம்."

"தம்பி, நான் சொன்னது..." என்று அங்கப்பன் ஆரம்பித்தார். அண்ணன் அனுப்பவில்லை என்று சொன்னால் மட்டும் நல்லதாகிவிடுமா.

அந்நேரம் வர்ஷினி வந்தாள். அவளாகவே கம்ப்யூட்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தனியாக எடுத்து வைத்திருந்த பிளாப்பியில் மூன்று அத்தியாயம் மட்டும் இருந்தது, அதுவும் போன வருசம் எழுதியது. அவள் அழவில்லை.

"பெரிப்பா, உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"காலைல, கண்ணு."

"நான் பன்னண்டு மணி வரைக்கும் ஊட்லதான் இருந்தனுங்க" என்றாள். கேசரி சட்டியோடு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை பொங்கியண்ணன் அங்கப்பனை நிற்க வைத்துக் கேட்டார். ராசாத்தாள் போன் போட்டு, தம்பிக்கு ஆள் அனுப்பினீர்களாமே என்று சந்தோசப்பட்டிருக்கிறாள்.

"யாரைக் கேட்டு என்ற பேரைச் சொன்னே?"

"தப்புத்தானுங்கண்ணா."

"மொறை தெரியாதவன்னு அன்னைக்குச் சபையில ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ அதை நெசமாக்கிப்போட்டே. திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம்."

அந்தத் திங்கட்கிழமைதான் வர்ஷினி கொடுக்க வேண்டிய நாள். காலேஜில் தவணை கேட்டாள், கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் கேட்டாள், கொடுக்கவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. அங்கப்பன் வீட்டுக்குப் பத்திரிக்கை வரவில்லை. கடைசியாகக்கூட வரவில்லை.

கார்த்திகையில் குலதெய்வம் கோயிலில் பொங்கல். பங்காளிகள் எல்லாரும் போக வேண்டும், அங்கப்பனும் போனார். பந்தியில் பக்கத்து இலையில் மனோஜ்குமார்.

"சித்தப்பா, சொல்ல மறந்துட்டனுங்க. ஆவணியில, அந்தக் கல்யாணத்துக்கு முந்தி, 'அங்கப்பன் பெரியப்பாவுக்கு'ன்னு ஒரு மெயில் வந்துச்சு. கிணத்துக்கடவுலிருந்து. கூட என்னமோ ஒட்டியிருந்துச்சு." சிரித்தான். "நாமதான் ஒருக்காப் பட்டுட்டமே. தொறக்காமயே அழிச்சுப்போட்டேன்."

"நல்லதுதான் கண்ணு" என்றார் அங்கப்பன்.

ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் இலையை மடித்தார். மற்றவர்கள் உண்டுகொண்டிருக்கும்போது பந்தியில் எழுந்திருப்பது மொறை இல்லை. அங்கப்பன் எழுந்து கை கழுவப் போனார்.