தொண்டாமுத்தூருக்கு வந்த கடல்

அமிர்தராஜ் என்றால் யாருக்கும் தெரியாது. "சிப்பி சார்" என்றால் கோவையில் அவரிடம் விலங்கியல் படித்தவர்கள் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். அவர் முனைவர் பட்டம் வாங்கியது நியூக்குலா என்ற கடல் சிப்பியைப் பற்றி. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். டைனோசர் காலத்துப் பாறையிலும் கல்லாகிக் கிடக்கிறது. இன்றைக்கும் கடலடிச் சேற்றில் உயிரோடு கிடக்கிறது. இத்தனை கோடி வருடமாக எதுவுமே செய்யாமல் காலந்தள்ளிய பிராணி என்பதால்தான் அவருக்கு அதன்மேல் அவ்வளவு மரியாதை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஓய்வு பெற்றதும் மனைவி டீனாவோடு தொண்டாமுத்தூர்ப் பக்கம் மனை பார்க்கப் போனார். விற்பவர் அங்கப்பன். தன் கோழிப்பண்ணையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் மனைக்கல் நட்டிருந்தார். ஒரு குழியோரத்தில் ஏதோ மினுங்கியது. அமிர்தராஜ் குனிந்து எடுத்தார். இரண்டு ஓடும் சேரும் கீல் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசை. சந்தேகமே இல்லை.

"நியூக்குலா! இங்கே கடல் இருந்திருக்கு!"

"கடலுங்களா சார்? நம்ம தோட்டத்துலயா?" அங்கப்பனின் முகம் மலர்ந்தது.

"கடல் இருக்கட்டுங்க. போர்ல தண்ணி வருதான்னு கேட்டீங்களா?" என்றார் டீனா. அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்ததும் அமிர்தராஜுக்கு வியர்த்துவிட்டது. உள்பக்கம் முத்துப்போலப் பளபளத்தது. இரண்டு ஓடுகளையும் பிணைக்கும் நார்கூட அறவில்லை. சமீபத்தில் செத்த சிப்பி. முட்டை ஓடு கெட்டிப்படக் கோழித் தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சலோடு தூத்துக்குடியிலிருந்து லாரி ஏறி வந்திருக்கிறது.

உடனே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நாள் கண்டுபிடிப்பாளராக இருந்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தார். அதற்குள் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்துவிட்டது: "பழங்கடல் நகர்" திறப்பு விழா, சிறப்பு விருந்தினர் விஞ்ஞானி அமிர்தராஜ்.

"அங்கப்பன், அது கோழித் தீவனத்துல வந்த சிப்பிங்க," என்றார் போனில், குரலைத் தாழ்த்தி.

"பேனர் அடிச்சுப்போட்டனுங்க சார். வந்த கடலை இனி எப்படிங்க திருப்பி அனுப்பறது? நீங்க சும்மா வந்து சால்வையை வாங்கிக்குங்க."

சால்வை என்றதும் அமிர்தராஜ் சாய்ந்துவிட்டார். கல்லூரி அவரை வழியனுப்பியபோது கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம், அதுவும் ஓடவில்லை.

விழாவில் நுழைவு வளைவில் எருமை அளவுக்குச் சிப்பி வரைந்திருந்தார்கள். சிப்பிகூட இல்லை, நத்தை. அமிர்தராஜ் அதற்குக் கீழே சால்வையோடு நின்று அரியலூர்ப் பாறைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அங்கே நிஜமாகவே கடல் இருந்தது. அங்கே என்பது இங்கே இல்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

கூட்டம் கலைந்ததும் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை நடத்தும் கருப்பாத்தாள் அவரிடம் வந்தார்.

"ஏனுங்க சார், அந்தக் கடலு மறுபடி வந்துராதுங்களே? ரெண்டு மனை எடுக்கலாமுன்னு இருக்கறேன்."

"வராதுங்கம்மா," என்றார் அமிர்தராஜ். அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை. கருப்பாத்தாள் நிம்மதியாக அங்கப்பனைத் தேடிப் போனார்.

மாலைக்குள் பாதி மனை போய்விட்டது. "சாருக்கு எந்த மனைங்க?" என்று அங்கப்பன் கேட்டபோது, டீனாவுக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு அமிர்தராஜ் காரில் ஏறினார்.