நடு ஹால் சுவரின் கண்ணாடி

என் அலுவலக மேஜையின் மேல் இழுப்பறையில், பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம். வெளி முனைகளில் காய்ந்த சாந்து கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டியில் ஆணியால் கீறிய தேதி, என் கையெழுத்தில். உடைந்த இடத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. கட்டட வேலையில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று பார்த்ததும் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பழைய சுவரில் விரிசல் கண்டால், அது எப்போதோ விட்டு அப்படியே நின்றுபோனதா, இன்னும் வாய் திறந்துகொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடி ஒன்றை வைத்து, இரு முனைகளிலும் சாந்து பூசி, தேதி எழுதிவிட்டு வந்துவிடுவோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மூன்று மாதம் உடையாமல் இருந்தால் சுவர் நிலையாக நிற்கிறது என்று எழுதலாம். இதைவிட எளிய, பொய் சொல்லாத கருவி எங்கள் தொழிலில் இல்லை என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடியைப் பற்றி அவர்கள் சொன்னது சரிதான்.

இந்தக் கண்ணாடி ஒட்டியிருந்த சுவர் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் இருந்த தர்ம மாட்டாஸ்பத்திரியின் நடு ஹால் சுவர். வெள்ளைக்காரன் காலத்தில் நிலபுலன் உள்ள ஒரு குடும்பம் ஊர் மாடுகளுக்காகவும், தீபத்துக்குக் கூடும் சந்தைக்கு ஓட்டி வரும் மாடுகளுக்காகவும் கட்டி, ஒரு கமிட்டியிடம் ஒப்படைத்த கட்டடம். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்தரம். வண்டியோடு மாடு நுழையும்படி முன்பக்கம் ஒரு பெரிய வளைவு. நடு ஹாலில் மாட்டை அசையாமல் நிறுத்தி வைத்தியம் பார்க்க நான்கு மரத்தூண்கள். கயிறு உரசி உரசித் தூண்களின் இடுப்பு தேய்ந்திருந்தது. கட்டியபோது சுற்றிலும் கடலைக் கொல்லை. நான் போனபோது ஒரு பக்கம் வெளிநாட்டு ரொட்டி விற்கும் கடை, மறுபக்கம் மாடியெல்லாம் வாடகை அறைகள், எதிரே மூன்று காபிக்கடைகள். அறைகளில் தங்குகிறவர்கள் சாண வாடை வருகிறது என்று எழுதிப் போட்டார்கள். தியானம் செய்ய வந்த இடத்தில் மாடு கத்துகிறது என்றும் ஒரு புகார். மலையைச் சுற்ற வந்தவர்களுக்கு மாடு தொந்தரவாகிப்போன காலம் அது.

டாக்டர் வாரத்தில் மூன்று காலை மட்டும் வருவார். மற்ற நேரமெல்லாம் அந்த ஆஸ்பத்திரி என்பது கம்பவுண்டர்தான். எல்லோருக்கும் அவர் 'கம்பவுண்டர் பாய்'. அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, முழங்கைக்கு மேல் மடித்த சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். முதல் நாள் நான் கீழ்பென்னாத்தூர்க்காரி என்றும், எங்கள் மாட்டுக்கு இங்கேதான் வைத்தியம் பார்த்தோம் என்றும், அவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட அசையவில்லை. "ஆளுங்க மூஞ்சி நமக்கு நிக்காதும்மா. மாட்டச் சொல்லுங்க" என்றார். கறுப்பு மாடு, இடது கொம்பு உடைந்தது என்றேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. "வவுத்துல கம்பிய முழுங்கிக்கினு வந்துச்சே, அதுவா? அடேங்கப்பா, அந்தக் காரி மாட்டு வூட்டுப் பொண்ணா நீங்க!" அன்றிலிருந்து நான் காரி மாட்டு வீட்டு இன்ஜினியரம்மா. எவ்வளவோ பட்டம் வாங்கியிருக்கிறேன், இதைப்போல் ஒன்றும் நெஞ்சில் ஒட்டவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் நானே அதை மழுப்பிவிடுவேன். நான் அந்தச் சுவரில் கண்ணாடி ஒட்டப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே, அந்த இடத்தில் வரப்போகிற கட்டடத்தின் வரைபடம் முடிந்திருந்தது. வரைந்தது நான். முன் வளைவை மட்டும் அழகுக்கு வைத்துக்கொண்டு பின்னால் முழுதும் இடித்துவிட்டு, யாத்திரிகர்களுக்கு அறைகள், கீழே காபிக்கடை. மரத்தூண்கள் நான்கையும் அப்படியே நிறுத்தி, நடுவே மேஜை போடலாம் என்று யோசனை சொன்னதும் நானே; எங்கள் கம்பெனி முதலாளி அதைப் பாராட்டினார். கமிட்டியில் பெரியவர்கள் நாலைந்து பேர் பேசி முடித்துவிட்டார்கள். மீதிப் பேர் கையெழுத்துப் போட ஒரு காரணம் வேண்டும், கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று ஒரு பொறியாளர் எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் நான் போனேன். விரிசல் இருந்தது உண்மை. ஆனால் சுவரைக் கேட்டு முடிவு செய்ய யாரும் என்னை அனுப்பவில்லை.

ஐப்பசியில் மூன்று கண்ணாடிகள் ஒட்டினேன். முன் வளைவில் ஒன்று, மருந்து அறையில் ஒன்று, நடு ஹாலில் ஒன்று. எதற்கு என்று பாய் கேட்டார், சொன்னேன். மூன்று மாதம் உடையாமல் இருந்தால் ஆஸ்பத்திரி நிற்குமா என்றார். ஆமாம் பாய் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த 'ஆமாம்'. அன்று முதல் அந்தக் கண்ணாடிகள் அவருக்கு இன்னும் மூன்று நோயாளிகள் ஆயின. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அவற்றைப் பார்ப்பார். முரட்டுக் காளை வந்தால், கால் உதைத்துச் சுவர் அதிருமோ என்று வெளியே வேப்பமரத்தில் கட்டி ஊசி போட்டார். தீபத்தின்போது ஊரே அதிர்ந்தது, சாலை முழுக்கத் தலைதலையாகத் தெரிந்த கூட்டம். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு போன். "இன்ஜினியரம்மா, அத்தன சனம், அத்தன வெடி. மூணும் அப்டியே கீதும்மா. செவுரு நம்ம காரி மாடு மாதிரி, ஜாஸ்தி சத்தம் போடும், வுழாது." நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போனை வைத்தபோது வாய் கசந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு முன் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, தூண்களுக்குக் காவி பூச வேண்டும். ஊர் மாடுகள் கொம்புக்கு வர்ணம் பூசி ஒரு சுற்று உள்ளே வந்துபோகும். அன்று ஊசி கிடையாது, கரும்பும் பொங்கலும்தான். இதைச் செய்கிறவர் எப்போதும் கம்பவுண்டர் பாய். அந்த வருஷமும் அடித்தார். கண்ணாடியில் சுண்ணாம்பு தெறித்து என் தேதி மறைந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொன்றின் மேலும் மைதாப் பசையால் செய்தித்தாள் ஒட்டி மூடினார். முன் வளைவிலும் மருந்து அறையிலும் காகிதம் சுலபமாக உரிந்து வந்துவிட்டது. நடு ஹாலில் பசை காய்ந்து இறுகிவிட்டது. மருந்து அறைக் கத்தியை எடுத்து மெல்லச் சுரண்டினார். கண்ணாடியின் நடுப்பகுதிக்குக் கீழே சாந்து கிடையாது, வெறும் இடைவெளி. கத்தி முனை அங்கே அழுந்தியது. மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி.

அடுத்த நிமிடமே எனக்குப் போன் செய்தார். "ஒடச்சிட்டேம்மா… நானே ஒடச்சிட்டேன்… வேற ஒண்ணு ஒட்டிக்கலாமா?" மறுநாள் போனேன். துண்டுகள் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. விரிசலை அளந்தேன், ஐப்பசியில் இருந்த அளவேதான். பரவாயில்லை பாய், நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன், அதை மறுக்க மாட்டேன். காகிதம் எடுக்கும்போது கைதவறி உடைந்தது, சுவரில் அசைவு இல்லை என்று இரண்டு வரி. முதலாளி சிவப்புப் பேனாவால் அந்த இரண்டு வரியையும் அடித்தார். "கண்ணாடி ஒடஞ்சிருக்கா இல்லியா? ஒடஞ்சிருக்கு. அத மட்டும் எழுதும்மா. எப்படின்னு யார் கேக்கப் போறாங்க?" அடித்த பிரதியைத் திருத்தி, சுத்தமாக அச்செடுத்து, கையெழுத்துப் போட்டேன். வேலையை விட்டுவிடுவேன் என்று மிரட்டியிருக்கலாம். வீட்டில் கஷ்டம் என்று இப்போது ஒரு காரணம் சொல்லலாம். அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. அந்தக் காபிக்கடை நான் வரைந்தபடி எழும்ப வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

கமிட்டிக் கூட்டம் நடு ஹாலிலேயே நடந்தது. நாற்காலிகளைத் தூண்களுக்கு இடையில் போட்டிருந்தார்கள். அறிக்கையை நான் வாசித்தேன். நடு ஹால் சுவரில் வைத்த கண்ணாடி உடைந்திருக்கிறது என்ற வரி வந்ததும், பின்னால் மருந்து அறை வாசலில் நின்ற பாய் முன்னால் வந்தார். அத்தனை பேர் முன் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. "அது செவுரு ஒடைக்கலீங்க. நான் சுண்ணாம்படிக்கசொல்ல என் கத்தி பட்டு ஒடஞ்சிது." கமிட்டித் தலைவர் எழுந்து, உண்மையான அன்போடு, அவர் தோளில் கை வைத்தார். "பாய், இந்த எடத்து மேல உங்களுக்கு எவ்ளோ பாசம்னு எங்களுக்குத் தெரியாதா? அதுக்காக இல்லாத பழியத் தலையில போட்டுக்கணுமா? உக்காருங்க." பாய் உட்காரவில்லை. "இன்ஜினியரம்மாவக் கேளுங்க. அன்னிக்கே சொன்னேன்" என்றார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அந்த மனிதர் வாழ்நாளில் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, "கண்ணாடி உடைஞ்சிருந்ததப் பாத்தேன். எப்படி உடைஞ்சதுன்னு நான் நேர்ல பாக்கலைங்க" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கையெழுத்துகள் விழுந்தன, டீ வந்தது, கலைந்தோம்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே வேப்பமரத்தடியில் என் வண்டியருகே வந்து நின்று, "கண்ணால பாக்காதத நீங்க எப்டிம்மா சொல்லுவீங்க, அது நாயம்தான்" என்றார். ஆஸ்பத்திரி புறவழிச்சாலைக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனது. வயதைக் காட்டிப் பாயை நிறுத்திவிட்டார்கள். சித்திரைப் பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்தில் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பௌர்ணமிகளில் மலைசுற்றும் பாதையில் வண்டி போகாது என்பதால், முன்பெல்லாம் பாய் ஆஸ்பத்திரிப் பையைத் தயாராக வைத்திருப்பார்; அழைப்பு வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே போய்விடுவார். அந்தச் சித்திரையில், அந்தப் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் கிடந்தது. புது ஆஸ்பத்திரி வண்டி கூட்டத்தைத் தாண்டி வர முடியவில்லை. பழைய பழக்கத்தில் அந்த வீட்டார் பாயைக் கூப்பிட்டார்கள். பை இப்போது கொட்டகையில். "வெறுங்கையோட போனேம்மா. கன்னுக்குட்டிக் காலுக்குச் சுருக்குப் போட ஒரு கவுறு இல்ல. ரெண்டும் போயிடிச்சி." டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "இந்தக் கை கொஞ்சம் சும்மா இருந்திருந்தா ஆஸ்பத்திரி இருந்திருக்கும்" என்றார்.

அதுதான் நான் பேசியிருக்க வேண்டிய இடம். பாய், உங்கள் கத்தி ஒன்றும் செய்யவில்லை, மூன்று கண்ணாடியும் முழுசாக இருந்திருந்தாலும் இடித்திருப்பார்கள், படம் முன்னாடியே போட்டாயிற்று, போட்டவள் நான்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அவர் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கும். ஆனால் இறங்கி என் மேல் உட்காரும். "டீ ஆறுது பாய், குடிங்க" என்றேன். குடித்தார்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். தெரிந்து நான் போனபோது மூன்று நாள் ஆகிவிட்டது. அவர் மகள் உள்ளே போய் ஒரு செய்தித்தாள் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தா உங்களுக்குனு வச்சிருந்தாருங்க. ஒடஞ்ச எடத்துல கத்தி பட்ட தடம் இருக்குதாம். மறுபடியும் எப்பனா விசாரிச்சாங்கன்னா அந்தம்மா காட்டட்டும், அவங்க நம்புவாங்கன்னாரு." இடிப்பதற்கு முன் சுவரிலிருந்து தானே சாந்தோடு பெயர்த்து எடுத்திருக்கிறார். சாட்சி இல்லாததால்தான் நான் பேசவில்லை என்று கடைசிவரை நம்பி, எனக்காகச் சாட்சியைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அந்தப் பெண் முன்னால் அழக்கூடாது என்று தெருமுனை வரை வந்து அழுதேன்.

சென்ற வாரம் அந்தக் காபிக்கடைக்குப் போனேன். நான் வரைந்ததுபோலவே இருக்கிறது. தேய்ந்த தூண்களுக்குப் பாலிஷ் போட்டு, கயிற்றுத் தடங்களில் சின்ன விளக்குகள் பதித்திருக்கிறார்கள். முன் வளைவில் நான் ஒட்டிய கண்ணாடி இன்னும் இருக்கிறது. வர்ணம் அடித்தவர்கள் அதையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதே வயது, அதே சாந்து, அதே மாதிரி விரிசல். பின்னால் அத்தனை இடித்து, பக்கத்தில் புதுத் தளங்கள் ஏற்றிய பிறகும் அது உடையவில்லை. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, அங்கே பரிமாறும் பெண் பக்கத்தில் வந்தாள். "அது அந்தக் காலத்து டிசைன் மேடம். நிறைய பேரு போட்டோ எடுப்பாங்க" என்றாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்து, துண்டுகளை மேஜைமேல் சேர்த்து வைத்தேன். கச்சிதமாகப் பொருந்துகின்றன, கோடுகூடத் தெரியவில்லை. அந்தச் சில்லு பெயர்ந்த இடம் மட்டும் விரல் வைத்தால் நெருடுகிறது. கத்தி பட்ட தடம்தான், குழந்தைக்குக்கூடத் தெரியும். இதை யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று அவர் நினைத்தார். ஒருவரும் வரவில்லை, இனி வரவும் மாட்டார்கள். மறுபடி செய்தித்தாளில் சுற்றி, தேதி மேலே தெரிகிறபடி உள்ளே வைத்தேன்.