வாப்பா ஏற்றுக்கொண்ட பிழை

ஆற்று எருமைக்கு நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், ஐம்பது. சேற்று எருமைக்கு நாற்பத்தெட்டு. இரண்டும் கலந்து பிறக்கும் கன்றுக்கு நாற்பத்தொன்பது. அது வளர்ந்தபின் சினைப்படுவதில் சிக்கல் வரலாம். ஆய்வுகூடத்தில் சேர்ந்த புதிதில் இதை வாப்பாவுக்குச் சொன்னேன். தோற்றத்தை மட்டும் வைத்து, நம் நாட்டு எருமை சேற்று இனம்தான் என்றும் சொல்லிவைத்தேன்.

அட்டாளைச்சேனையில் வாப்பாவின் பட்டியும் அவருடைய தம்பியான சாச்சாவின் பட்டியும் ஒரே தரவையில்தான் மேயும். சாச்சாவிடம் இருந்தவை நாட்டு எருமைகள். வாப்பாவிடம் ஆற்று இனத்து முர்ரா கிடா ஒன்று நின்றது. சாச்சா அந்தக் கிடாவைக் கேட்டபோது வாப்பா மறுத்துவிட்டார். உன் மாடு வேறு சாதி, கன்று மலடாகிவிடும் என்று சந்தியில் பலர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதன்பின் சாச்சா பெருநாளைக்குக்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பிறகு ஆய்வுக்காக இரண்டு பட்டிகளிலும், அயலூரில் நின்ற கலப்புக் கன்றுகளிலும் இரத்தம் எடுத்தேன். உயிர்க்கலங்களை வளர்த்து, படம் பிடித்து, நிறமூர்த்தங்களைச் சோடி சோடியாக அடுக்கினேன். எல்லாவற்றிலும் ஐம்பது. மறுபடி எண்ணினேன். ஐம்பதுதான்.

பாற்பண்ணையாளர் கூட்டத்தில் முடிவை விளக்கச் சொன்னார்கள். வாப்பாவிடம் முதலிலேயே சொல்ல நினைத்தேன். அவர் சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு நின்ற சந்தோசத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

நம் எருமையும் நிறமூர்த்தத்தில் ஆற்று எருமைதான், முர்ராவோடு சேர்க்கப் பயமில்லை என்று நான் முடித்ததும், அப்படியானால் உங்கள் வாப்பாவுக்கு அந்தக் கதையை யார் சொன்னது என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து வாப்பா எழும்பினார்.

"அது நான் அறியாமக் கதைச்சது. மகள் அப்படி ஒண்டும் சொல்லல்ல."

மைக் என் கையில்தான் இருந்தது. அதை அணைத்து மேசையில் வைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் வாப்பா வாசலில் நின்ற சாச்சாவிடம் போய், கிடாவை நாளைக்கே கொண்டுவந்து கட்டுகிறேன் என்றார். சாச்சா தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று பின்னேரம் சாச்சா வீட்டுக்குப் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை இருக்கச் சொன்னார்.

"உண்ட வாப்பாக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்க புள்ள தெரியும்? அது உண்ட கதை எண்டு அண்டைக்கே எனக்கு வெளங்கிட்டு."

சாச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல், அது ஆறும்வரை குனிந்தபடியே இருந்தேன்.