ஸ்டேஷன் ரோடு மில்லில் என் முறை

என் வீட்டுக்காரர் இறந்தது ஒரு சித்திரை மாதம். எண்பதுகளின் தொடக்கம். திண்டிவனம் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த ஒரு எண்ணெய் மில்லில் அவர் லோடுமேன். கோடவுனில் கூரை முட்ட அடுக்கியிருந்த வேர்க்கடலை மூட்டைகள், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், சரிந்து அவர்மேல் விழுந்துவிட்டன. வீட்டுக்குச் சேதி சொல்ல வந்த ஆளிடம் நான், "உள்ளே வந்து உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்டேனாம். அந்த ஆள் பிறகு எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நினைவில்லை. அழாதவள் என்று தெருவில் என்னைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

காரியச் செலவை ஊரின் எண்ணெய் மில்காரர்கள் சங்கம் பார்த்துக்கொண்டது. சங்கத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்கும் ஒரு மில் இருந்தது. பதினாறாம் நாள் கழிந்ததும் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சங்கத்துல பேசிட்டேம்மா. அந்த மில்லு பக்கம் நீ போக வேணாம். என் மில்லுல பருப்புப் பொறுக்க வா."

போனேன். உடைத்த மல்லாட்டையில் சொத்தை, கல், ஓடு எல்லாவற்றையும் பிரித்துப் போடும் வேலை. கை தானாகச் செய்தது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கியவர் அனந்தபுரத்து அக்கா. நாள் முழுக்கப் பேசுவார். நான் பதில் சொல்கிறேனா என்று பார்க்கவும் மாட்டார். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்த வருஷம் ஆடியில் மழை இல்லை. ஐப்பசியிலும் இல்லை. மேல்மலையனூர்ப் பக்கமிருந்தும் அனந்தபுரம் பக்கமிருந்தும் வழக்கமாக வரிசை கட்டி வரும் மல்லாட்டை வண்டிகள் வரவில்லை. கார்த்திகையில் எங்கள் மில் களம் துடைத்து விட்டாற்போலக் கிடந்தது. அந்தக் களத்தில்தான் சங்கக்காரர்கள் நாற்காலி போட்டுக் கூடினார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம்.

"மழை வர்ற வரிக்கும் மூடிட்டுப் போறேன். வேற என்ன பண்றது?" என்றார் ஒரு மில்காரர்.

"மூடினா ஆளுங்கல்லாம் மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்குப் போயிடுவாங்க. மழை பேஞ்சப்புறம் மெஷின் ஓட்ட யாரைத் தேடிக்கினு போவீங்க?" என்று தலைவர் கேட்டார். பிறகு தன் யோசனையைச் சொன்னார். ஆந்திராவில் மல்லாட்டை விளைந்திருக்கிறது. ஒரு மில்லுக்காக ஒரு ரயில் வேகன் சரக்கு வாங்கக் கட்டாது. எல்லோரும் சேர்ந்து வாங்கினால் கட்டும். வரும் சரக்கை ஒரு நேரத்தில் ஒரு மில்லில் மட்டும் அரைக்கலாம். எல்லா மில் ஆட்களும் முறை போட்டு அங்கே போய் வேலை செய்யட்டும்.

ஸ்டேஷன் ரோடு மில்காரருக்குக் கோபம் வந்தது. "என் மெஷினை எவனோ வந்து தொடறதா?"

"எவனோ இல்லீங்க. எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதான்."

பேச்சு இழுத்தது. சமணர் வழக்கப்படி தலைவர் இருட்டுவதற்கு முன் சாப்பிட்டுவிடுகிறவர். அவர் வானத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் மற்றவர்களும் அவசரமாகத் தலையாட்டினார்கள். அப்படித்தான் அந்த ஏற்பாடு முடிவானது.

முதல் மில்லில் அரைத்து முடிந்தது. அடுத்தது ஸ்டேஷன் ரோடு மில். மேஸ்திரி ஆட்களின் முறையைச் சொல்லிக்கொண்டே வந்து என்னையும் சொன்னார். அக்காதான் திடுக்கிட்டு ஓடிப்போய்த் தலைவரைக் கூட்டிவந்தார்.

"மேஸ்திரி கவனிக்காம விட்டுட்டாரும்மா. வேற முறைக்கு மாத்தட்டுமா?"

"வேணாங்க. போறேன்" என்றேன். தைரியம் எல்லாம் இல்லை. எந்த மில்லும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கோடவுனுக்குள் நுழைந்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. அவர் கிடந்த இடம் எது என்று ஒரு லோடுமேன் கேட்காமலே காட்டினார். சிமெண்டுத் தரை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பொறுக்கினேன்.

இரண்டாவது வேகன் வந்த அன்று சரக்கெல்லாம் அங்கே வந்து இறங்கியது. "ஜல்தி, ஜல்தி" என்று மில்காரர் விரட்ட, லோடுமேன்கள் மூட்டைமேல் மூட்டையாக ஏற்றிக்கொண்டே போனார்கள். அடுக்கு கூரையைத் தொட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். பிறகு கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு எழுந்துபோய் அந்த அடுக்கின் அடியில் உட்கார்ந்தேன்.

"இந்தா, அங்க என்னா பண்ற?" என்று மில்காரர் கத்தினார்.

"மூட்டைய எறக்கச் சொல்லுங்க. எறக்கினா எழுந்துக்கிறேன்."

"பேஜாரு பண்ணாத, எழுந்து போ!"

எனக்குக் கோபமோ பயமோ வரவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மேலே நின்ற லோடுமேன் ஒருவர் தோளில் இருந்த மூட்டையோடு அப்படியே நின்றார். பிறகு கீழே இறங்கி வந்து மூட்டையைத் தரையில் போட்டார். மற்றவர்களும் இறங்கினார்கள். யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, முடியாமல் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தலைவர் சைக்கிளில் வந்தார். "என்னம்மா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் செத்தது இங்கதாங்க" என்றேன்.

அவர் மேலே பார்த்தார். தரையைப் பார்த்தார். ஸ்டேஷன் ரோடு மில்காரர், "எடம் இல்லீங்க, மூட்டையை என் தலைமேலயா வைக்கிறது?" என்றார். "என் கோடவுன் காலியாத்தானே கெடக்குது, அங்க அனுப்புங்க" என்றார் தலைவர். சேதி கேட்டு வந்த இன்னொரு மில்காரரும் தன் கோடவுனைத் தருவதாகச் சொன்னார். மூட்டைகள் இறங்கிய பிறகுதான் எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது.

அந்த வாரமே சங்கம் ஒரு முடிவு எடுத்தது. ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்துக்கு மேல் எந்த மில்லிலும் மூட்டை அடுக்கக் கூடாது. எல்லாக் கோடவுன் சுவரிலும் அந்த உயரத்தில் சிவப்புப் பெயிண்டில் கோடு இழுக்க வேண்டும். யார் இடத்தில் சரக்கு மிஞ்சினாலும் பக்கத்து மில்காரர் இடம் தர வேண்டும்.

விழுப்புரத்து மில்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு அழைத்தார்கள். தலைவர் என்னையும் துணைக்கு அக்காவையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். "எங்க வீட்டுக்காரர் மூட்டை சரிஞ்சு செத்துட்டாருங்க. இப்ப அங்க கோடு போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவர், "அடியில போய் உட்காந்தியே, பயமா இல்லையாம்மா?" என்றார். "இல்லீங்க" என்றேன். அவர் என்னைத் தைரியசாலி என்று நினைத்திருப்பார். இன்னொருவர், வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று லோடுமேன்களே உயரமாக அடுக்குகிறார்கள் என்று வாதாடினார். சிலர் கோடு போடுவதாகச் சொன்னார்கள். போட்டார்களா என்று தெரியாது. திரும்பும் பஸ்ஸில் அக்கா தூங்கிவிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே காய்ந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறு வருஷம் மழை பெய்தது. முறை முடிந்து அவரவர் மில் அவரவருக்கு ஆனது. ஆட்களில் பெரும்பாலோர் ஊரிலேயே இருந்தார்கள். சில மில்களில் வெள்ளையடித்தபோது கோடு மறைந்துபோனது. ஸ்டேஷன் ரோடு மில்காரர் மட்டும் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தார் என்று லோடுமேன்கள் சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு என்னோடு அவர் பேசியதே இல்லை. எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டு போவார்.

புது மல்லாட்டை வந்து இறங்கிய முதல் நாள் அக்கா ஒரு பிடி பச்சைப் பருப்பை என் மடியில் போட்டார். மென்றேன். பருப்பில் பால் கட்டியிருந்தது; வெகுநாளுக்குப் பிறகு நாக்கில் ருசி தெரிந்தது.

"நல்லா கீதுக்கா" என்றேன்.

அக்கா பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.