புளுகுணியின் பன்னிரண்டாவது படம்

"முடிஞ்சுதுங்க, எழுந்திருங்க" என்கிறாள் புளுகுணி. நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்த வங்கிக் காவலர் உஸ்ஸென்று மூச்சு விடுகிறார். தோள் இறங்குகிறது, மீசை தளர்கிறது, அதுவரை உள்ளே இழுத்துப் பிடித்திருந்த வயிறு நிம்மதியாக வெளியே வருகிறது. அந்த நொடியில் கேமராவில் டிக்கென்று இன்னொரு சத்தம்.

"முடிஞ்சுதுன்னியேம்மா?"

"உங்க படம் முடிஞ்சுது சார். இது என் படம்!"

பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் நாள் முழுக்க இந்த ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பதால் அண்ணன் வைத்த பெயர் புளுகுணி. இடது கண்ணைத் தனியாக மூட அவளுக்கு வராது. முன்முடியை இழுத்து அதன் மேல் போட்டுக்கொண்டுதான் குறி பார்ப்பாள். நல்ல படம் விழுந்துவிட்டால் போதும், கால் தரையில் நிற்காது.

போன வருடமும் புகைப்படப் போட்டிக்குப் பன்னிரண்டு படங்கள் கொண்ட தொகுப்பு அனுப்பினாள். மழை, ரயில், நாய்க்குட்டி, சூரியனைக் கடக்கும் பறவைக் கூட்டம். நடுவர்கள் ஒரே வரியில் பதில் போட்டார்கள்: "பன்னிரண்டும் அழகு, ஆனால் பன்னிரண்டு பேர் எடுத்ததுபோல் இருக்கின்றன." அழுதாள். சோறு வேண்டாம் என்றாள். பிறகு வழக்கத்தைவிட நன்றாகவே சாப்பிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, ஸ்டூடியோ கணினியில் வீணாய்ப்போன படங்களை அழித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள். "அண்ணா, ஓடி வா! இங்க பாரு, படம் எடுத்து முடிச்சப்புறம்தான் இவங்கல்லாம் மனுஷங்களா இருக்காங்க!" கை தவறி அழுத்திய படங்கள் அவை. அன்றிலிருந்து அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சம், அதே பொய். எடுத்ததும் காட்டிச் சம்மதம் கேட்பாள். ஒரு டீச்சர், "ஐயையோ, என் மூஞ்சியா இது? அழிச்சிடும்மா" என்றபோது அவர் கண்ணெதிரேயே அழித்தாள். அருமையான படம். "வயிறு எரியுதுண்ணா" என்று அன்று முழுக்கப் புலம்பித் தீர்த்தாள்.

இந்த வருடப் போட்டிக்கு இன்று மாலை கெடு. வீட்டுக் கூடத்தில் படங்களை வரிசையாகப் பரப்பியிருக்கிறாள். பதினொன்று தேறிவிட்டது, ஒரே கை எடுத்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். கடைசி இடத்தில் மட்டும் அந்தப் பழைய பறவைக் கூட்டம், கல்யாண வீட்டில் வழி தவறி நுழைந்தவன் மாதிரி.

"அதை மட்டும் எடுத்துடாதடி, ஊரே மெச்சின படம்" என்றாள் அம்மா.

அங்கே எது வரவேண்டும் என்பது புளுகுணிக்குத் தெரியும். அம்மாவுக்கு முன்பல் ஒன்று தூக்கல். கேமராவைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அம்மா சிரிக்கும் படம் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. போன வாரம் ஸ்டூடியோவுக்கு வந்தவள், 'முடிஞ்சுது' என்றதும் அண்ணன் அடித்த ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். விழுந்தது படம்! அம்மா அதை இன்னும் பார்க்கவில்லை. காட்டப் பயம்.

"கேட்டுத் தொலையேன்" என்று அண்ணன் இடிக்க, படத்தை அம்மாவிடம் நீட்டினாள்.

"அடிப்பாவி! பல்லெல்லாம் தெரியுதேடி!"

"தெரியுதும்மா. அதனாலதான் கேக்கறேன். நீ வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன். போட்டிக்குப் பறவையே போகட்டும்."

அம்மா பதினொரு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒன்றில் நின்றாள்.

"இந்தம்மா இப்படிக் கொட்டாவி விடறாங்களே, போட ஒத்துக்கிட்டாங்களா?"

"சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாங்கம்மா. தனக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தப் போன கை பாதியிலேயே இறங்கி, பறவைக் கூட்டத்தை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, தன் படத்தை அந்த இடத்தில் கோணாமல் பொருத்தியது.